மரத்தூளிலிருந்து பயோ ஆயில்: 500 டிகிரியில் எண்ணெய் எங்கே போகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் ஒரு சிறிய ஃப்ளூயிடைஸ்டு பெட் உலை இருக்கிறது. அடியிலிருந்து நைட்ரஜனைச் செலுத்தி, மணலைக் கொதிக்கும் தண்ணீர் போலக் குமிழவிடும் வகை. குழாயின் உள்விட்டம் 5 செ.மீ., சூடான பகுதியின் உயரம் 60 செ.மீ., நைட்ரஜன் நிமிடத்துக்கு 10 லிட்டர், மணலின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸ். உள்ளே போவது 4 மி.மீ. வரை அளவுள்ள மரத்தூள், ஈரப்பதம் 14 சதவீதம். கிடைப்பது திரவம் (மர ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் பயோ ஆயில்) 44, கரி 25, வாயு 19 சதவீதம். புத்தகங்கள் 70 சதவீதத்துக்கு மேல் திரவம் கிடைக்கும் என்கின்றன. "வெப்பநிலையை 450-லிருந்து 600 வரை 10 டிகிரி இடைவெளியில் மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், சரியா?" என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே நிற்பது நல்ல வெப்பநிலையில்தான். மரத்தை வேகமாகச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் முறையில், எந்த மரமாக இருந்தாலும் திரவத்தின் உச்சம் ஏறக்குறைய 480-க்கும் 520-க்கும் இடையில் விழும். பதினாறு ஓட்டங்கள் ஓட்டி முடித்தால் உங்களுக்குக் கிடைப்பது உயரம் குறைந்த ஒரு மேடும், அதன் நடுவில் 500-க்குப் பக்கத்திலேயே ஓர் எண்ணும்தான். மேடு ஏன் உயரவில்லை என்பதற்கான காரணம் வேறு இடங்களில் இருக்கிறது: ஆவி சூட்டில் தங்கும் நேரம், துகளின் அளவு, ஈரம், குளிர்விக்கும் பகுதி. அதற்கும் முன்னால், கணக்கு.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். 44, 25, 19 மூன்றையும் கூட்டினால் 88. மீதி 12 சதவீதம் எங்கே? கரியைத் தட்டிக் கொட்டி எடைபோட்டுவிடலாம், வாயுவையும் ஓரளவு அளந்துவிடலாம். காணாமல் போவது பெரும்பாலும் திரவம்தான். அப்புறம், இந்த சதவீதங்கள் எதற்குச் சதவீதம்? உலைக்குள் போட்ட ஈர மரத்துக்கா, உலர் மரத்துக்கா? ஈர மரத்துக்கு என்றால் நிலைமை இன்னும் மோசம். 100 கிராம் தூளில் 14 கிராம் வெறும் தண்ணீர். அது ஆவியாகி, குளிர்ந்து, உங்கள் எண்ணெய்ப் புட்டியில் வந்து சேர்ந்திருக்கிறது. 44-லிருந்து அந்த 14-ஐக் கழித்தால் 30. அது 86 கிராம் உலர் மரத்திலிருந்து வந்தது, அதாவது 35 சதவீதம். கரியும் 25 அல்ல, 29. புத்தகத்தில் வரும் 70, 75 சதவீதம் எல்லாம் உலர் மர அடிப்படையில் சொல்லப்படுபவை. மரம் சிதையும்போது புதிதாக உண்டாகும் தண்ணீர் அதில் சேரும், தூளோடு வந்த ஈரம் சேராது. இரண்டையும் நேராக ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

29 சதவீதம் கரி என்பது ஒரு பெரிய துப்பு. வேகமான வெப்பச் சிதைவில் கரி 12 முதல் 15 சதவீதம்தான் வரவேண்டும். மெதுவாகச் சூடாக்கும் கரி மூட்டத்தில் 35 சதவீதம் வரை வரும். உங்கள் எண் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. உலைக்கு வேகமான உலை என்று பெயர், உள்ளே மரத்தின் கணிசமான பகுதி மெதுவாகத்தான் வேகிறது.

ஏன் என்று பார்க்க, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக செல்லுலோஸ், கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஹெமிசெல்லுலோஸ், மீதி பெரும்பாலும் லிக்னின். ஹெமிசெல்லுலோஸ் 220 முதல் 315 டிகிரிக்குள் உடைகிறது. செல்லுலோஸ் 315 முதல் 400 வரை. லிக்னின் அவசரப்படாத ஆள். 160-இல் மெல்லத் தொடங்கி 900 வரை இழுத்துக்கொண்டே போகும், கரியில் பெரும்பங்கு அதிலிருந்துதான். ஆக, 400 டிகிரியைத் தாண்டினாலே மரத்தின் முக்கால்வாசி ஆவியாகத் தயார். பிறகு எதற்கு 500? துகள் 300-க்கும் 400-க்கும் இடையில் தங்கி நிற்காமல் தாண்டிப் போகவேண்டும் என்பதற்காக. அந்த இடைவெளியில் நிதானமாக வெந்தால், உடைந்த துண்டுகள் ஆவியாக வெளியேறுவதற்குள் தண்ணீரை இழந்து ஒன்றோடொன்று பிணைந்து கரியாகிவிடும்.

இது முதல் ஓட்டப்பந்தயம், துகளுக்குள் நடப்பது. இரண்டாவது, துகளுக்கு வெளியே. வெளியே வந்த ஆவி இன்னும் 500 டிகிரி சூட்டில்தான் இருக்கிறது. அங்கேயே உலாவினால் அது மேலும் உடைந்து கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்களாகும். ஒரு பகுதி கரியின்மேல் படிந்து கரியாகவே ஆகும். முதல் பந்தயத்துக்கு அதிகச் சூடு வேண்டும், இரண்டாவதற்குக் குறைந்த நேரம் வேண்டும். உலையின் நிலைமைகளைச் சீர்செய்வது என்றால் இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் ஜெயிக்க வைப்பதுதான். அதனால்தான் வெப்பநிலையை மட்டும் தனியே பிடித்துத் திருப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆவி உடையும் வேகத்தைக் கணக்கிட, மர ஆவிக்குப் பலரும் பயன்படுத்தும் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்டவேண்டிய ஆற்றல் தடை) ஒரு மோலுக்கு சுமார் 107 கிலோ ஜூல். சூடு ஏற ஏற வினைவேகம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் அர்ஹீனியஸ் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 500-லிருந்து 550 டிகிரிக்குப் போனால் உடையும் வேகம் ஏறத்தாழ 2.8 மடங்கு. 600-க்குப் போனால் கிட்டத்தட்ட 7 மடங்கு. இதன் பொருள் என்ன? ஆவி அரை வினாடியில் வெளியேறும் உலையில் 520 டிகிரி நல்ல வெப்பநிலை. அதே ஆவி 4 வினாடி தங்கும் உலையில் 520 நஷ்டம், அங்கே உச்சம் 470, 480 என்று கீழே இறங்கிவிடும், உச்சத்தின் உயரமும் குறையும். உச்ச வெப்பநிலை மரத்துக்குச் சொந்தமான ஓர் எண் அல்ல. உங்கள் உலையின் கன அளவும் வாயு ஓட்டமும் சேர்ந்து தீர்மானிக்கும் எண் அது.

சரி, உங்கள் உலையில் ஆவி எவ்வளவு நேரம் தங்குகிறது? இந்த இடத்தில் பலர் தவறுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் முதல் வருடம் முழுக்கத் தவறாகத்தான் கணக்கிட்டேன். 5 செ.மீ. விட்டம், 60 செ.மீ. உயரம் என்றால் கன அளவு சுமார் 1.18 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் வினாடிக்கு 0.167 லிட்டர். வகுத்தால் 7 வினாடி வரும். ஆனால் அந்த 10 லிட்டர் அறை வெப்பநிலையில் அளந்தது. 500 டிகிரியில், அதாவது 773 கெல்வினில், அதே வாயு 2.6 மடங்கு விரிந்துவிடும். உண்மையான ஓட்டம் வினாடிக்கு 0.43 லிட்டர், நேரம் 2.7 வினாடி. மகிழ்ச்சியாக இருக்கிறதா? பொறுங்கள். கரியைப் பிரிக்கும் சைக்ளோன், அதிலிருந்து கண்டென்சர் (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் பகுதி) வரை போகும் சூடான குழாய், இவையும் 400 டிகிரிக்கு மேல் சூடாகத்தான் இருக்கின்றன. அவற்றின் கன அளவு 0.6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4 வினாடிக்கு மேல். நல்ல திரவம் வேண்டுமென்றால் 2 வினாடிக்குள் ஆவி குளிர்விக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். 1 வினாடி என்றால் இன்னும் நல்லது.

உடனே நைட்ரஜனைக் கூட்டத் தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போது சூட்டில் வாயு மேலேறும் வேகம் வினாடிக்கு 22 செ.மீ. 400 மைக்ரான் மணலாக இருந்தால், 500 டிகிரியில் அது குமிழத் தொடங்குவதற்கே வினாடிக்கு சுமார் 7 செ.மீ. போதும். ஆக நீங்கள் மூன்று மடங்கில் நிற்கிறீர்கள், அது நல்ல இடம். 15 லிட்டருக்குக் கூட்டலாம். அதற்கு மேல் போனால் பாதி வெந்த தூள் மணலைவிட்டுப் பறக்கும், கண்டென்சருக்கு வேலை அதிகமாகும், நைட்ரஜனைச் சூடாக்கவே ஹீட்டர் திணறும். அதைவிட எளிது, காலி இடத்தைக் குறைப்பது. மணலுக்கு மேலே சும்மா நிற்கும் சூடான இடம்தான் உங்கள் எண்ணெயைத் தின்கிறது. வெளியேறும் குழாயை மேலிருந்து உள்ளே இறக்கி, அதன் வாய் மணல் மட்டத்துக்கு 12, 15 செ.மீ. மேலே நிற்கும்படி செய்யுங்கள். சைக்ளோனை உலையோடு ஒட்டி வையுங்கள், குழாயைக் குட்டையாக்குங்கள். மொத்தச் சூடான இடம் 0.9 லிட்டருக்கு வந்து, ஓட்டமும் 15 லிட்டர் ஆனால் நேரம் 1.4 வினாடி. ஒரு வெல்டரின் அரை நாள் வேலையில் இது முடிந்துவிடும். பதினாறு ஓட்டங்களைவிட இது அதிகம் தரும்.

இனி துகள். மரம் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். மேற்பரப்பிலிருந்து மையத்துக்குச் சூடு போய்ச்சேரும் நேரம், தடிமனின் வர்க்கத்தோடு கூடும். 1 மி.மீ. துகளில் ஏறத்தாழ ஒன்றரை வினாடி என்றால் 4 மி.மீ. துகளில் 24 வினாடி. நான்கு மடங்கு தடிமனுக்குப் பதினாறு மடங்கு நேரம். அந்த 24 வினாடியில் ஓடு முழுக்கக் கரியாகியிருக்கும், மையம் 300, 350 என்று மெல்ல ஏறிக்கொண்டிருக்கும், அங்கே பிறக்கும் ஆவி கரி ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். உங்கள் 29 சதவீதம் கரியின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை: உலை ஆறியபின் கரியில் பெரிய துகளாக ஒன்றைப் பொறுக்கிப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே காப்பி நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை.

தூளைச் சலித்து 0.5 முதல் 1 மி.மீ. வரை உள்ளதை மட்டும் எடுங்கள். அதற்கும் கீழே போகாதீர்கள். கால் மி.மீ.க்குக் கீழே உள்ள மாவு மணலில் நிற்காமல் பறந்துவிடும், அதன் கரி சைக்ளோனுக்கும் பிடிபடாமல் எண்ணெயில் போய்க் கலக்கும், ஊட்டும் தொட்டியிலும் பாலம் போலக் கட்டிக்கொண்டு இறங்காமல் நின்றுவிடும். பெரிய ஆலைகளில் 2, 3 மி.மீ. வரை அனுமதிக்கிறார்கள், அது அரைக்கும் செலவுக்காகச் செய்யும் சமரசம். நீங்கள் முதலில் உலையின் திறனை அறிய வேண்டும், சமரசம் பிறகு.

ஈரத்தைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன், ஆனால் அது விளைச்சலைவிட எண்ணெயின் உயிரையே தொடும் விஷயம். 100 கிலோ உலர் மரம் நன்றாகச் சிதைந்தால் சுமார் 62 கிலோ கரிமப் பொருளும், வேதிவினையால் உண்டாகும் தண்ணீர் 11 கிலோவும் வரும் என்று வைத்துக்கொள்வோம். தூளின் ஈரப்பதம் 7 சதவீதம் என்றால் அதோடு வரும் தண்ணீர் 7.5 கிலோ; எண்ணெயில் தண்ணீர் 23 சதவீதம். ஈரப்பதம் 10 என்றால் 26 சதவீதம். 14 என்றால் 31. இருபது என்றால் 37. பயோ ஆயிலில் தண்ணீர் 30 சதவீதத்தை நெருங்கியதும் அது ஒரே திரவமாக நிற்காது. மேலே நீர்த்த பழுப்புத் திரவம், கீழே தார் போல ஒட்டும் அடர்ந்த அடுக்கு என்று பிரிந்துவிடும். உங்கள் 14 சதவீதம் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. விளைச்சல் குறைவாக உள்ள உங்கள் உலையில் விளிம்பைத் தாண்டியே இருக்கும். புட்டியை இரண்டு நாள் அசைக்காமல் வைத்துவிட்டு, ஒரு கண்ணாடிக் கோலை அடிவரை விட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் கோல் கனமாக ஒட்டினால் பிரிந்துவிட்டது என்று பொருள். அப்படிப் பிரிந்த புட்டியில் மேலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, அதை எண்ணெயின் குணம் என்று எழுதிவைத்த அறிக்கைகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். 105 டிகிரி அடுப்பில் தூளை உலர்த்தி, 7 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். உலர்ந்த மரத்தூள் திறந்து கிடந்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எண்ணெயில் உள்ள தண்ணீரை அளக்கக் கார்ல் ஃபிஷர் முறைதான் சரி. அடுப்பில் உலர்த்தி அளக்க முயன்றால் அசிட்டிக் அமிலம் போன்ற லேசான பொருள்களும் பறந்து, அவையும் தண்ணீர்க் கணக்கில் விழும்.

உங்கள் தூளில் மரப்பட்டை இருக்கிறதா? கேள்வியில் நீங்கள் அதைச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு முக்கியம். பட்டை உரித்த மரத்தில் சாம்பல் பொதுவாக அரை சதவீதத்துக்குள் அடங்கும், பட்டையில் பல மடங்கு. அந்தச் சாம்பலில் உள்ள பொட்டாசியம்தான் தொல்லை. சுத்தமான செல்லுலோஸ் சூட்டில் உடையும்போது பெரும்பகுதி லெவோகுளுக்கோசன் என்ற சர்க்கரையாக வெளியேறும். கொஞ்சம் பொட்டாசியம் இருந்தாலே போதும், பாதை மாறிவிடும். சர்க்கரை வளையம் உடைந்து கிளைகோலால்டிஹைடு போன்ற சிறிய மூலக்கூறுகளாகவும், தண்ணீராகவும், கரியாகவும் போகும். மணலில் தேங்கும் கரியும் இந்தப் பொட்டாசியத்தைச் சுமந்துகொண்டே ஆவியை உடைக்கும். அதனால்தான் கரி உள்ளே தேங்காமல் வாயுவோடு வெளியேறும்படி உலையை ஓட்ட வேண்டும். தூளை வெந்நீரில் ஊறவைத்து வடித்தாலே பொட்டாசியத்தின் நல்ல பங்கு போய்விடும். எல்லா மரத்துக்கும் இது தேவை என்று சொல்லமாட்டேன். 575 டிகிரி மஃபிள் அடுப்பில் சாம்பலை அளந்து, ஒரு சதவீதத்துக்கு மேலே வந்தால் யோசியுங்கள்.

இப்போது காணாமல் போன அந்த 12 சதவீதத்துக்கு வருவோம். கண்டென்சரைத் தாண்டி வெளியேறும் வாயு எந்த நிறத்தில் இருக்கிறது? வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புகை தெரிந்தால் அது புகை அல்ல, உங்கள் எண்ணெய். மர ஆவியில் ஒரு பெரும்பங்கு ஒரு மைக்ரானுக்கும் சிறிய துளிகளாக மிதக்கும். குளிர்ந்த குழாய்ச் சுவரில் ஆவி படியும், ஆனால் இந்தத் துளிகள் வாயுவோடு சேர்ந்து வளைந்து நெளிந்து தப்பிவிடும். கண்டென்சரை இன்னும் குளிராக்கினாலும் பிடிபடாது. மின்புலத்தால் துளிகளைச் சுவருக்கு இழுக்கும் நிலைமின் வீழ்படிவி ஒன்றைச் சேர்த்தால் பிடிபடும்: ஒரு கண்ணாடிக் குழாய், நடுவே ஒரு மெல்லிய கம்பி, சில பத்து மில்லி ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தில் 10 முதல் 15 ஆயிரம் வோல்ட். மின்சாரத்தைக் கொடுத்த அந்தக் கணத்தில் புகை மறைந்து, கண்ணாடிச் சுவரில் பழுப்பு எண்ணெய் வழிந்திறங்குவதைப் பார்ப்பது இந்தத் துறையின் தனி மகிழ்ச்சி. உலையிலிருந்து காற்று முழுக்க வெளியேறிய பிறகே அதை இயக்குங்கள்; எரியும் வாயுவும் ஆக்சிஜனும் தீப்பொறியும் ஒரே குழாயில் சந்திக்கக்கூடாது. வீழ்படிவி அமைக்க வசதியில்லையென்றால், எடைபோட்ட பஞ்சு வடிகட்டி ஒன்றைக் கடைசியில் வைத்து, ஓட்டத்துக்குப் பின் மறுபடி எடைபோடுங்கள். எவ்வளவு தப்புகிறது என்றாவது தெரியும்.

உலைக்கும் கண்டென்சருக்கும் இடையிலான குழாயை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. நான் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில் ஒவ்வோர் ஓட்டமும் 40 நிமிடத்தில் நின்றுபோகும், அழுத்தம் ஏறிவிடும். ஊட்டும் திருகைச் சந்தேகித்தோம், மணலை மாற்றினோம். கடைசியில் குழாயைக் கழற்றிப் பார்த்தால், ஒரு வளைவில் கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்புப் பிசின் குழாயின் முக்கால் வாயை அடைத்திருந்தது. அந்த வளைவில் ஹீட்டிங் டேப் சரியாகச் சுற்ற வராது என்று நான்கு விரல் அகலத்துக்கு விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் 410 டிகிரி, அந்த நான்கு விரலில் 260. லிக்னினின் பெரிய துண்டுகள் அங்கே முதலில் படிந்து, அதன்மேல் கரித்தூள் ஒட்டி, சுவர் கட்டியிருந்தது. டேப்பை நெருக்கமாகச் சுற்றி 420-க்கு ஏற்றியதும் மூன்று மணி நேரம் ஓடியது. ஆக, அந்தக் குழாய் எங்கும் 400-க்குக் கீழே இறங்கக்கூடாது, 500-க்கு மேலே ஏறவும் கூடாது. கண்டென்சருக்குள் நுழைந்ததும் சட்டென்று குளிரவேண்டும். ஏற்கெனவே எடுத்த எண்ணெயையோ அதோடு கலக்காத ஒரு ஹைட்ரோகார்பனையோ குளிர்வித்து ஆவியின் மேல் நேராகத் தெளிப்பது, சுவர் வழியே குளிர்விப்பதைவிடச் சிறந்தது.

இன்னும் ஒன்று, வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள். அது மணலுக்குள் இருக்கிறதா, சுவரில் ஒட்டியிருக்கிறதா? உலர் மரத்தைச் சூடாக்கிச் சிதைக்க கிலோவுக்கு ஏறத்தாழ 1.5 மெகா ஜூல் தேவை. மணிக்கு 300 கிராம் ஊட்டினால் 125 வாட். அந்தச் சுமை ஏறியதும் மணல் 20, 30 டிகிரி இறங்கும், சுவர் அதே 500-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். ஊட்டும்போது மணலின் நடுவில் உள்ள வெப்பநிலைதான் உங்கள் வெப்பநிலை.

இவ்வளவும் சரியான பிறகு, ஆம், வெப்பநிலையை மாற்றிப் பாருங்கள். ஆனால் தனியாக அல்ல. மூன்று காரணிகளை எடுங்கள்: மணல் வெப்பநிலை 470, 500, 530, ஆவியின் நேரம் 0.8, 1.4, 2 வினாடி; துகளின் சராசரி அளவு அரை, ஒன்று, ஒன்றரை மி.மீ. பாக்ஸ்-பென்கன் வடிவமைப்பில் (காரணிகளைச் சேர்த்து மாற்றிப் பார்க்கும் சோதனைத் திட்டம்) 12 ஓட்டங்கள், நடுப்புள்ளியில் 3 மறு ஓட்டங்கள், மொத்தம் 15. உங்கள் திட்டத்தைவிட ஓர் ஓட்டம் குறைவு, ஆனால் காரணிகள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதையும் சொல்லும். நேரத்தை மாற்ற வாயு ஓட்டத்தைத் தொடாதீர்கள். வெளியேறும் குழாயை மூன்று நீளங்களில் செய்துகொள்ளுங்கள். ஓட்டத்தை மாற்றினால் குமிழும் வேகமும், கண்டென்சரின் திறனும், தப்பும் துளிகளும் சேர்ந்து மாறும். எதனால் எது என்று பிரிக்க முடியாது. ஓட்டங்களின் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் புது மணல் போடுங்கள். நடுப்புள்ளியின் மூன்று மறு ஓட்டங்களும் ஒன்றுக்கொன்று 2 சதவீதத்துக்குள் வரவில்லை என்றால் சமன்பாடு பொருத்துவதில் அர்த்தமில்லை, உலையைச் சரிசெய்யுங்கள்.

எதை உச்சப்படுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்யவேண்டும். மொத்தத் திரவத்தை எடுத்துக்கொண்டால் கணிப்பொறி உங்களைத் தண்ணீர் அதிகமுள்ள இடத்துக்கு அழைத்துப்போய் அதையே சிறந்தது என்று சொல்லும். உலர் மரத்துக்கு எத்தனை சதவீதம் கரிமத் திரவம், தண்ணீர் நீங்கலாக, என்பதை எடுங்கள். கூடவே எண்ணெயின் தண்ணீர் அளவையும் பாகுநிலையையும் தனித்தனியே பதியுங்கள். உச்சிக்கு அருகே மேடு தட்டையாக இருக்கும். 490-க்கும் 510-க்கும் விளைச்சலில் உள்ள வித்தியாசம் உங்கள் சோதனைப் பிழைக்குள் மறைந்துவிடும். அந்தத் தட்டைக்குள் எங்கே நிற்பது என்பதைத் தரம் தீர்மானிக்கட்டும்.

தரம் என்றால் கெட்டுப்போகும் வேகமும் அதில் சேரும். பயோ ஆயில் பெட்ரோலிய எண்ணெய் போல அமைதியான பொருள் அல்ல. பி.எச். 2 முதல் 3 வரை, எடையில் 35 முதல் 40 சதவீதம் ஆக்சிஜன், எரிமதிப்பு கிலோவுக்கு 16 முதல் 19 மெகா ஜூல், டீசலின் பாதிக்கும் குறைவு. புட்டியில் இருக்கும்போதே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தடித்துக்கொண்டே போகும். 80 டிகிரியில் 24 மணி நேரம் மூடிவைத்து, முன்னும் பின்னும் பாகுநிலையை அளப்பது வழக்கமான சோதனை. அறை வெப்பநிலையில் சுமார் ஓராண்டு வைத்ததற்குச் சமமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். கரித்தூள் அதிகமுள்ள எண்ணெய் இதில் சீக்கிரம் தோற்கும். 10 சதவீதம் மெத்தனால் சேர்த்தால் தடிப்பது வெகுவாகக் குறையும். பயோ ஆயில் இரும்பை அரிக்கும், அதனால் கண்ணாடியிலோ துருப்பிடிக்காத எஃகிலோ பாலிஎத்திலீனிலோ வையுங்கள்.

ஜியோலைட் (நுண்துளைகள் கொண்ட கனிமம்) வினையூக்கி சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆக்சிஜன் குறையும், எண்ணெயின் அளவும் அதைவிட வேகமாகக் குறையும், வினையூக்கியில் கரி படியும். அடிப்படை உலை சீராக ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நிலைமைகள் ஆய்வக மேசையோடு நிற்பவை அல்ல. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980-களில் உங்கள் உலையைப் போன்ற சிறிய மணல் படுகையில்தான் இந்த 500 டிகிரி, குறைந்த நேரம் என்ற இணை தெளிவாக நிறுவப்பட்டது. நெதர்லாந்தின் ஹெங்கலோவில் 2015-இல் இயங்கத் தொடங்கிய ஆலை, சுழலும் கூம்பில் சூடான மணலையும் மரத்தூளையும் கலந்து மணிக்கு 5 டன் மரத்தைச் சிதைக்கும் அளவில் கட்டப்பட்டது. அங்கே கரி வீணாகப் போவதில்லை. ஒரு கிலோ மரத்திலிருந்து வரும் 150 கிராம் கரியை எரித்தால் 4.5 மெகா ஜூல். சிதைக்கத் தேவையானதைப் போல மூன்று மடங்கு. கரியை எரித்து மணலைச் சூடாக்கி, அந்த மணலையே திரும்ப உலைக்கு அனுப்புகிறார்கள்.

உங்கள் கரியைப் பற்றிக் கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஓட்டம் முடிந்ததும் அவசரப்பட்டுச் சைக்ளோன் குடுவையைக் கழற்றாதீர்கள். புதுக்கரி காற்றுப் பட்டதும் தானாகவே கனன்று தீப்பிடிக்கும், வெளியே 100 டிகிரிதான் காட்டினாலும் நடுவில் அதிகம் இருக்கும். நைட்ரஜனை ஓடவிட்டே இரவு முழுக்க ஆறவிடுங்கள். வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதனால் உலை புகைப்போக்கிக் கூண்டுக்குள்தான் இருக்கவேண்டும், மேசையருகே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். காலையில் குடுவையைத் திறந்து, கரியை எடைபோட்டு, கண்டென்சரையும் குழாய்களையும் அசிட்டோனில் கழுவி, அந்தக் கழுவலில் உள்ள எண்ணெயையும் கணக்கில் சேருங்கள். மொத்தம் 95-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தூளைச் சலித்து, உலர்த்தி, வெளியேறும் குழாயை இறக்கி, 500 டிகிரியிலேயே மூன்று முறை ஓட்டிய கணக்கு கையில் வந்ததும், அந்தப் பதினைந்து ஓட்டங்களைத் தொடங்கலாம்.